மிருதங்கத்துக்கு விட்ட இடம்

வடக்கு மாட வீதி மூலையில், குளத்தைப் பார்த்தபடி ஒரு மூங்கில் தட்டி நின்றிருந்தது. அதில் மூன்று வர்ணங்களில் எழுத்து. பாட்டு என்று சிவப்பில் ஒரு அம்மாளின் பெயர், பிடில் என்று நீலத்தில் அவருடைய தம்பியின் பெயர், மிருதங்கம் என்று பச்சையில் என் பெயர். அச்சு எழுத்து தோற்றுப்போகும், அவ்வளவு அழகு. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. என் பெயரை அத்தனை பெரிதாக நான் எங்கும் பார்த்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, தெரிந்தவர்கள் நாலு பேர் பார்க்கும்வரை.

அந்தத் தட்டியை எழுதியவர் சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். பரம்பரைக் கத்தோலிக்கர். பாடத் தெரியாது, வாத்தியம் ஒன்றும் வராது. ஆனால் சங்கீதப் பைத்தியம். பள்ளிக்கூட ஹாலில் சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு சின்ன சபா நடத்தினார். காரியதரிசி, தட்டி எழுதுகிறவர், ஜமக்காளம் விரிக்கிறவர், வித்வான் வீட்டுக்கு ஜட்கா வண்டி அனுப்புகிறவர் எல்லாம் அவரே. கிறிஸ்தவ வேதக்காரருக்குக் கர்நாடக சங்கீதம் எதற்கு என்று மயிலாப்பூரில் சிலர் முணுமுணுத்தது அவர் காதிலும் விழுந்தது. “எங்க கோயில்லயும்தான் மிருதங்கம் கீது. அது இன்னா வேற பாஷையா பேசுது?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

அந்தக் காலத்தில் பேர்பெற்ற மிருதங்க வித்வான்கள் பெண்களுக்கு வாசிக்கமாட்டார்கள். அப்படி எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. என் குரு வாசிக்கமாட்டார், அதனால் அவர் சிஷ்யர்களும் வாசிக்கமாட்டோம், அவ்வளவுதான். கேட்டால் சம்பிரதாயம் என்போம். மாஸ்டர் ஒருநாள் காலை என் வீட்டுக்கு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: “ஆறு பேரைக் கேட்டுட்டேன் வித்வான். யாரும் வரமாட்டேன்னுட்டாங்க. அந்த அம்மா பெரிய பாட்டுக்காரங்க. இதுவரைக்கும் கல்யாண வீட்டுலதான் பாடியிருக்காங்க. இந்த ஒரு கச்சேரி நல்ல பக்கவாத்தியத்தோட நடந்துட்டா மத்த சபாக்காரங்களும் கூப்பிடுவாங்க. நடக்கலைன்னா இதோட சரி.” நான் ஒப்புக்கொண்டேன். மாஸ்டர் மேல் இருந்த மரியாதை பாதி. ஆறு பேர் செய்யாததை நான் செய்கிறேன் என்ற கர்வம் மீதி.

தட்டி நின்ற இரண்டாம் நாள், காபி ஹோட்டலில் என்னைவிட மூத்த வித்வான் ஒருவர் பிடித்துக்கொண்டார். “என்ன ஓய், பச்சை மையில ஜொலிக்கிறேர்? இனிமே ஊஞ்சல் பாட்டு, லாலி பாட்டுக்கெல்லாம் வாசிக்கப் போறேரா?” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. அடுத்த சீசனுக்குப் பெரிய சபாக்களில் யார் என் பெயரைச் சொல்வார்கள், குரு என்ன நினைப்பார் என்று உட்கார்ந்து யோசித்தேன். சம்பிரதாயம் என்று வெளியே சொல்லிக்கொண்டதெல்லாம் உள்ளே வெறும் பயம்தான். சனிக்கிழமை காலை, ஜுரம், எழுந்திருக்க முடியவில்லை என்று மாஸ்டருக்கு ஆள் அனுப்பினேன்.

அவர் மத்தியானமே வந்துவிட்டார். சாத்துக்குடி நாலு கொண்டுவந்திருந்தார். நான் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். அது சில்லென்று இருந்தது எனக்கே தெரியும். கையை எடுத்துவிட்டு, சாத்துக்குடியைத் தலைமாட்டில் வைத்தார். “ஒடம்பப் பாத்துக்குங்க. சாயங்காலம் தேவலைன்னா வாங்க, மிருதங்கம் மேடையில தயாரா இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கச்சேரி நடக்காது, வேறு யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஐந்தரை மணிக்கு மேல் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சாந்தோமுக்கு நடந்தேன். ஹாலுக்குப் பக்கவாட்டில், ஜன்னல் ஓரமாக நின்றேன். வாசலில் மாஸ்டரின் ஜட்காக்காரர் இருந்தார். மூன்று நாளாக ஊர் பூராவும் நோட்டீஸ் விநியோகித்தவர் அவர்தான். “இன்னா சாமி, ஜுரம்னாங்கோ? தெருத் தெருவா உங்க பேரச் சொல்லி நோட்டீஸ் குட்த்துகினு வந்தேன். நீங்க இன்னாடான்னா வெளிய நின்னுகினு கீறீங்க?” என்றார். மருந்து வாங்க வந்தேன் என்று சொன்னேன். அவர் குதிரைக்குப் புல் போடப் போய்விட்டார்.

உள்ளே கச்சேரி நடந்துகொண்டிருந்தது. தம்பூரா, பிடில், அந்த அம்மாள். அவருக்கு வலப்பக்கம், நான் உட்கார வேண்டிய இடத்தில், மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த சிறிய மிருதங்கம் மட்டும் இருந்தது. குரலைப் பற்றி என்ன சொல்வது. மாஸ்டர் பொய் சொல்லவில்லை. தாளம் போடும் கையை மட்டும் வைத்துக்கொண்டு, பெரிய கீர்த்தனையை எடுத்து, நிரவல் செய்து, ஸ்வரம் பாடி முடித்தார். அந்த இடத்தில் தனி ஆவர்த்தனம் விடுவது வழக்கம். பாடுகிறவர் நிறுத்தி, மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைப்பார். அதற்குமேல் மேடை மிருதங்கக்காரருடையது.

அந்த அம்மாள் நிறுத்தினார். வலப்பக்கம் திரும்பி, ஆளில்லாத இடத்தைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு தாளம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். ஹாலில் யாரோ சிரித்தார்கள், அப்புறம் அதுவும் அடங்கியது. அவர் கை தொடையில் விழும் சத்தம் ஒன்றுதான். நான் எண்ணினேன், பதினாறு ஆவர்த்தனம், பதினாறு முழுத் தாளச் சுற்று. துண்டு நுனிக்கு அடியில் என் விரல்கள் தாமாகவே வாசிக்க ஆரம்பித்தன. தனியை முடித்துவைக்கும் கடைசிக் கோர்வையை நான் முடிப்பதற்குள் அவர் பல்லவியை எடுத்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாலு பேர் முன்னால் என்னை அறைந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த நாள் காபி ஹோட்டலில் அதேதான் பேச்சு. வித்வான்களை வேண்டுமென்றே அவமானப்படுத்திவிட்டாள் என்றார்கள். “நானும் கேள்விப்பட்டேன். திமிர் இல்லாம வேறென்ன?” என்றேன். அங்கே மட்டும் இல்லை, திருவல்லிக்கேணியில் சொன்னேன், சைதாப்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் சொன்னேன். ஜுரத்தில் கிடந்த பிள்ளையைப் போய் இப்படிச் செய்யலாமா என்று எல்லோரும் என் பக்கம் பேசினார்கள். அதற்குப் பிறகு அந்த அம்மாளுக்கு மிருதங்கம் வாசிக்க ஒருவரும் முன்வரவில்லை. எந்தச் சபாவும் கூப்பிடவில்லை. மாஸ்டர் இரண்டு வருஷம் அலைந்து பார்த்துவிட்டு ஓய்ந்துபோனார். என்னிடம் அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. தெருவில் பார்த்தால் கைகூப்புவார்.

ஏழெட்டு வருஷம் கழித்து அவர் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். அதற்குள் காலம் கொஞ்சம் மாறியிருந்தது. நானே இரண்டு பெண்களுக்கு வாசித்திருந்தேன், அதற்காகப் பரந்த மனசுக்காரன் என்ற பெயரும் வாங்கியிருந்தேன். பேச்சு அந்தக் கச்சேரிக்கு வந்தது. “இருந்தாலும் அந்தம்மா அன்னிக்கு அப்படிப் பண்ணியிருக்கப்படாது” என்றேன். மாஸ்டர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“ஜன்னலாண்ட நீங்க நின்னதை அவங்க பாத்துட்டாங்க வித்வான். நடுவுல என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க, அவர்தானேன்னு. ஆமான்னேன். வர மனசு இருக்கு, வெக்கத்துல நிக்கறார், எடம் விட்டா வந்துடுவார்னாங்க. அதான் அவ்ளோ நேரம் விட்டாங்க.”

ஊரே அந்த அம்மாளைத் திட்டியபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லத்தான் பாத்தேன். வேணாம்னு கையைப் புடிச்சுக்கினாங்க. ஜுரம்னு சொன்னவர் பேரைக் கெடுக்கக் கூடாது, சின்ன வயசு, இன்னும் எவ்வளவோ வாசிக்கணும்னாங்க.”

அந்த அம்மாள் பாட்டையே விட்டுவிட்டு, தம்பியோடு வெளியூர் போய்விட்டதாகச் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. அடுத்த மாதம் மாஸ்டர் காலமானார். அதே ஹாலில் இரங்கல் கூட்டம். அன்று காபி ஹோட்டலில் பேசியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்துபோய், மாஸ்டரின் கையெழுத்து அழகைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது எனக்குத் தலை நரைத்துவிட்டது. பெண்களுக்கு வாசிக்காத வித்வான் இன்று கிடையாது. ஆனால் பழைய ஆட்கள் கூடினால், அந்தத் தனி ஆவர்த்தனத்தைத் திமிருக்கு உதாரணமாகச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த அம்மாள் யாரையும் அவமானப்படுத்தவில்லை. பதினாறு ஆவர்த்தனம் என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை.