கத்தி இல்லை, ஹார்மோன் இல்லை, ஆளும் இல்லை

“உங்களுக்கு ஒரு ஊசி” என்று ஆண்களிடம் ஆரம்பித்து, எங்கே போடுவது என்று சொல்வதற்குள் பாதிப்பேர் பைக்கை ஸ்டார்ட் செய்துவிடும் தொழில் என்னுடையது. செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஆராய்ச்சி மையத்தில், ஆண்களுக்கான புதுக் கருத்தடை முறையைச் சோதிக்க ஆள் சேர்ப்பது என் வேலை. இன்ஷூரன்ஸ் பாலிசி விற்றவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களும் நானும் ஒரே ஜாதி.

ஜெல்

சிறுசேரியில் கேப் ஓட்டுநர்கள் டீ குடிக்கும் இடத்தில் பேச அனுமதி கிடைத்தது. எனக்கு ஒரே உற்சாகம். “விந்து வரும் குழாயில் ஊசியால் கொஞ்சம் ஜெல் வைப்போம். உயிரணு மட்டும் தாண்டாது. ஹார்மோன் இல்லாததால் ஆண்மைக்கு ஒன்றும் ஆகாது. பல வருஷம் தாங்குமா என்றுதான் பார்க்கிறோம்” என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

எல்லோரும் டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி வழுக்கையைக் காட்டினார். “ஜெல்லு எனக்கு இன்னாத்துக்கு மேடம்? தடவுறதுக்கு முடி எங்க கீது?”

ஒருவர் வந்தார்

அந்தக் கூட்டத்திலிருந்து வந்தது ஒரே ஒருவர், நெம்மேலிக்காரர் குமார். மனைவி ஷீலாவும் கூடவே வந்தாள். இரண்டு பிள்ளைகள். மாத்திரை போட்டால் அவளுக்கு வாந்தி, தலைவலி. காப்பர் டி வைத்ததில் உதிரப்போக்கு அதிகமாகி எடுத்துவிட்டார்கள். இன்னொரு பிரசவத்தையோ கருத்தடை ஆபரேஷனையோ உன் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாள் தள்ளிப்போனால் போதும், அவளுக்குச் சோறு இறங்காது. குமாருக்கோ ஆபரேஷன் என்ற பேச்சே ஆகாது.

இது சோதனைதான், பலிக்காமலும் போகலாம், திரும்ப எடுக்க முடியும் என்று உறுதி சொல்ல முடியாது, நாங்கள் சொல்லும்வரை ஆணுறையை விடக்கூடாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். யாராவது வற்புறுத்தினார்களா என்று எங்கள் டாக்டர் குமாரிடம் தனியாகக் கேட்டார்.

“இத்தினி வருசம் அவ உடம்பு பட்டுச்சு சார். இப்ப என் டர்னு.”

ரிசல்ட்

ஜெல் வைத்த பிறகு குமாரின் விந்து மாதிரிகளில் உயிரணு குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் லேபில் இருந்த பெண் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒன்றுகூட இல்லை. நான் பார்த்தேன், டாக்டர் பார்த்தார், மறுபடி நான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. உடனே போன் போட்டேன். “குமார், நீங்க ஜீரோ. சுத்தமா ஜீரோ.”

எதிர்முனையில் வண்டியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் ஜீரோ எடுத்தவனுக்கு யாரும் போன் போட்டு வாழ்த்துச் சொன்னதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஸ்கூல்ல கூட நான் இவ்ளோ கேவலமா வாங்குனதில்ல மேடம். மறுபடி எழுத சான்ஸ் எதுனா கீதா?”

ஷீலா

அடுத்த பரிசோதனைக்கு இருவரும் வந்தார்கள். குமார் வலி இல்லை, வீக்கம் இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஷீலா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் தெளிந்திருந்தது. உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“இந்த மாசம் தள்ளிப்போயிதான் வந்துச்சு மேடம். வந்தப்புறந்தான், பயப்படவே மறந்துட்டேன்னு தெரிஞ்சுது.”

ஆராய்ச்சி முடிய இன்னும் பல வருஷம் ஆகும். அதுவரை, ஒன்றுமே நடக்கவில்லை என்ற செய்தி வந்தால் ஸ்வீட் வாங்கிக் கொடுக்கும் ஒரே ஆபீஸ் இந்த ஜில்லாவில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.