கழிப்பறைக்குப் பக்கத்து வாங்கு

கிளிநொச்சிப் புகையிரத நிலையத்தில் எத்தனையோ வாங்குகள் வெறுமையாகக் கிடக்க, ஒரு பெரியவர் கழிப்பறைக்குப் பக்கத்து வாங்கில் இருந்தார். ஒடிந்துவிழும் உடம்பு, இடுப்புப் பட்டியில் ஆணியால் குத்திய மேலதிகத் துளைகள். கையில் உறைப்பான கடலை வடை.

"நாறுது ஐயா, இஞ்சால வந்து இருங்கோவன்," என்றேன்.

"பழகிப்போச்சு தம்பி," என்று தொடங்கினார்.

வருடக்கணக்காக ஓயாத வயிற்றோட்டம். குடல் வருத்தம், சாகும்வரை விடாது என்றுதான் டொக்டர்மார் சொல்லியிருந்தார்கள். உறைப்பையும் பாலையும் விட்டும் நிற்கவில்லை. போன வருடம் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனார். கந்தனை நம்பி நடப்பவனுக்கு மருந்து எதற்கென்று பிரஷர் குளிசையை வீட்டிலேயே விட்டுவிட்டார். வழியெல்லாம் அன்னதானச் சோறும் சம்பலும், வயிறு அசையவில்லை. வீடு திரும்பிக் குளிசையைத் தொடங்கியதும் பழையபடி ஓட்டம்.

"நடக்கேக்க முருகன் வயித்தைப் பிடிச்சு வைச்சிருந்தவர் எண்டு கிளினிக்கில சொன்னன். அந்த டொக்டர் பிள்ளை, 'ஐயா, போகேக்க என்னத்தை விட்டிட்டுப் போனனீங்கள்?' எண்டு கேட்டா. வேற குளிசை மாத்தித் தந்தா. அதோட நிண்டிட்டுது."

அவர் பக்கம் திரும்பினேன். "பிரஷர் குளிசையாலயோ இவ்வளவும்?"

"ஓம். எல்லாருக்கும் செய்யாதாம். எனக்குச் செய்திட்டுது." வடையை மென்றபடி தண்டவாளத்தைப் பார்த்தார். "மகளின்ர கலியாணத்தில மணவறையில இருக்கப் பயந்து, என்ர தம்பிக்காரனைத்தான் தாரைவார்க்க விட்டனான். நான் மண்டபத்துக்குப் பின்னால நிண்டனான்."

ரயில் வந்தது. பெட்டி முழுக்க இடமிருந்தும், கழிப்பறைக் கதவோரமாகவே போய் இருந்தார், அந்தச் சுகமாகிவிட்ட மனிதர்.