நெலிதா அணைக்காத மைக்

உக்கயாலி ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊருக்குச் செய்தித்தாள் வராது. சந்தை நடுவே ஒரு மரக்கம்பம், அதன் உச்சியில் நாலு ஒலிபெருக்கி, கீழே தகரக் கொட்டகைக்குள் நெலிதா. மீன் வந்தது, பன்றி தொலைந்தது, யார் வீட்டில் சாவு, எந்தப் படகு எப்போது வரும், எல்லாம் அவள் குரலில்தான் ஊருக்குத் தெரியும். பத்தொன்பது வருஷத்தில் அவள் வாய் ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

அந்த மழைக்காலத்தில் மைக் பெட்டியின் சிவப்பு விளக்கு ஈரத்தில் பழுதாகிவிட்டது. பொத்தானும் அழுத்தினால் சில சமயம் திரும்பாது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எர்மித்தாவின் மகன் எல்மருக்கு முதலாண்டு நினைவுப் பூசை என்று அறிவித்தாள். இருபத்து நாலு வயதுக்காரன். அவன் தோணி மட்டும் கவிழ்ந்து கரை ஒதுங்கியது. உடல் கிடைக்கவே இல்லை. அறிவித்து முடித்து, பொத்தானை அழுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் ரோசானாவிடம் சாவகாசமாகச் சொன்னாள்:

"பூசையாம். அவன் எங்க செத்தான்? அம்மாக்காரி நச்சரிப்புத் தாங்காம இக்கித்தோஸ் பட்டணத்துக்கு ஓடிட்டான். அங்க ஒருத்தியோட குடித்தனம் நடத்துறான்."

ரோசானா சிரித்தாள். அந்தச் சிரிப்பு வெளியே நாலு பக்கத்திலிருந்தும் கேட்டது.

மீன்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "அக்கா, மைக் ஓடிக்கிட்டிருக்கு" என்றார், மெதுவாக.

நெலிதா ஒயரையே பிடுங்கி எறிந்தாள். சந்தையில் பேச்சு நின்றுபோயிருந்தது. மூன்றாவது வரிசையில் மரவள்ளி மாவு விற்கும் எர்மித்தா, தராசைப் பிடித்த கையோடு கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூசை நடக்கவில்லை. எர்மித்தா துக்கத்துக்குப் போட்டிருந்த கறுப்பு உடையைக் கழற்றிவிட்டாள். வியாழக்கிழமை கொட்டகைக்கு வந்தபோது, சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நெலிதா எழுந்து நின்றாள். ஆனால் அவள் கேட்டது வேறு. இக்கித்தோஸ் படகு வரும்போதெல்லாம் எல்மர் பெயரைச் சொல்லி, அம்மா துறையில் காத்திருக்கிறாள் என்று அறிவிக்க வேண்டும்.

நெலிதா அறிவித்தாள். வாராவாரம் அறிவித்தாள். அந்தப் பெயர் ஆற்றைக் கடந்து எதிர்க்கரைக் காட்டில் மோதித் திரும்பி வரும். அங்கிருந்து யாரோ பதில் சொல்வது போலவே அவளுக்குத் தோன்றும். பாத்திரம் கழுவும்போதும் அது காதில் விழ ஆரம்பித்தது. எட்டாவது வியாழக்கிழமை அவளால் முடியவில்லை.

"எர்மித்தா, அவன யாரும் பாக்கல. வாய்க்கு வந்தத சும்மா பேசினேன். அவன் ஆத்தோடதான் போயிட்டான்."

எர்மித்தா கோபப்படவில்லை. "நீ அன்னிக்குச் சொன்னத ஊரே கேட்டுச்சு. இத நான் மட்டும்தான் கேட்டேன். படகு வந்துடுச்சு, கூப்பிடு."

அவள் துறைக்கு இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே நெலிதா பொத்தானை அழுத்தினாள். இதையும் ஊர் கேட்கச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். வந்தது எல்மரின் பெயர்தான்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஓடிவிட்டது. ஒருமுறை எல்மர் என்ற பெயருள்ள மர வியாபாரி ஒருவன் படகிலிருந்து இறங்கி, தன்னைக் கூப்பிட்டது யார் என்று கேட்டுக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டான். பின்னாலேயே ஏறி வந்த எர்மித்தா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சாப்பிட்டாயா என்று விசாரித்தாள். இலையில் கட்டி வைத்திருந்த சோற்றை அவன் கையில் கொடுத்து அனுப்பினாள். அடுத்த வாரமும் துறைக்குப் போனாள்.