ஹெட்மாஸ்டர் கண்ணும் வரப்போகிற கேமராவும்

கல்யாணப் போட்டோ எடுக்கிற தொழிலில், கையில் இருக்கிற கேமராவுக்கு மரியாதை கிடையாது. வரப்போகிற கேமராவுக்குத்தான் மரியாதை. 'அடுத்த மாசம் புது மாடல் வருதாம்' என்ற பேச்சை நம்பி, போனோ பைக்கோ வாங்காமல் காத்திருந்து காத்திருந்து கழுத்து நீண்டவர் நீங்கள் என்றால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே வார்டு நோயாளிகள். நான் கும்பகோணத்தில் நாற்பது வருஷமாக ஸ்டூடியோ வைத்திருப்பவன். சொல்வதில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். டச்சிங் செய்து மெருகேற்றாமல் எதையும் வெளியே கொடுத்துப் பழக்கமில்லை.

மூன்று கட்சி

எங்கள் ஊரில் கேமராவுக்கு மூன்று கட்சி. கழுத்தில் தொங்கும் வாரின் நிறம்தான் கொடி. நான் சிவப்பு வார். திருப்பனந்தாளிலிருந்து வந்து கடை போட்ட குஞ்சிதபாதம் மஞ்சள் வார். வேளாங்கண்ணிக்காரர் சேவியர் கறுப்பு வார். மூன்று கம்பெனியும் தங்கள் மிரர்லெஸ் என்கிற புதுவகைக் கேமராக்களில் உச்சாணிக்கொம்பில் உட்காரப்போகிற ராஜாவை இந்த ஆடியிலேயே இறக்கப்போவதாக வதந்தி. சித்திரை முழுக்க சம்பந்தம் டீக்கடையில் அதே பேச்சு.

"எங்களுதுல ஒரு தடவை பொண்ணு மூஞ்சியக் காட்டிட்டாப் போதும். அப்புறம் பொண்ணு பந்தியில உக்காந்தாலும் சரி, பாத்ரூம் வாசல்ல நின்னாலும் சரி, ஃபோகஸ் கூடவே போகும்" என்றார் குஞ்சிதபாதம். "இது ஒரு பெருமையா? எங்களுது கடலுக்குள்ள மீன் கண்ணைச் சிமிட்டினாக்கூடப் பிடிச்சிடும்" என்றார் சேவியர். "மீனுக்கு ஏதுய்யா இமை?" என்றார் குஞ்சிதபாதம். "அதான் இதுவரைக்கும் எவனும் எடுக்கல!"

நான் நிதானமாக டீயை உறிஞ்சிவிட்டுச் சொன்னேன்: "எங்க சிவப்புல வரப்போறது, நாம பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடியே படத்தை எடுத்து வச்சுக்கும்." நான் பொய் சொல்கிறவன்தான்; ஆனால் இது நிஜம், அப்படி ஒரு வசதி இருக்கிறது. இருவரும் டம்ளரைக் கீழே வைத்தார்கள். சம்பந்தம் மட்டும் வடிகட்டியை உதறிக்கொண்டே கேட்டார்: "அழுத்துறதுக்கு முன்னாடியே அது எடுத்துக்கும்னா, நீங்க எதுக்குங்க கல்யாணத்துக்குப் போறீங்க? சாப்பிடவா?"

முப்பது வருஷமாக மூடிய கண்

வைகாசிக் கடைசியில் ஹெட்மாஸ்டர் நடராஜன் ஸ்டூடியோவுக்கு வந்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன் நான்தான். அது ஃபிலிம் காலம். தாலி கட்டுகிற நொடிக்கு ஒரே ஒரு கிளிக். அந்த ஒரு கிளிக்கில் மாப்பிள்ளை கண்ணை இறுக மூடிவிட்டார். அந்தப் படம் இன்றைக்கும் அவர் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அவர் சம்சாரம் விசாலம் அம்மா காபிக்கு முன்னால் அதைத்தான் காட்டுவார்: "பாருங்க, கண்ணை மூடிக்கிட்டுத்தான் என் கழுத்துல கட்டினார்."

இப்போது அவர் பெண்ணுக்கு ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். "அண்ணே, அவளுக்கு அப்படியே என் கண்ணு. பாஸ்போர்ட் போட்டோவுக்கே நாலு தடவை மூடிட்டா. எங்க பரம்பரைக்கே இந்தச் சாபம் வந்துடக் கூடாது. முன்னாடியே எடுத்துக்கிற கேமரா வரப்போகுதாமே, அதுலதான் எடுக்கணும்" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "கப்பல்ல ஏத்தியாச்சு சார். ஆவணிக்குள்ள இந்தக் கையில இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அவர் சந்தோஷமாக எழுந்து, வாசல் வரை போய், திரும்பி வந்து, ஆறாம் வகுப்புப் பையனிடம் சொல்கிற மாதிரி விரலை நீட்டிச் சொன்னார்: "சம்பந்தி வீட்டுல எல்லாருக்கும் சொல்லப்போறேன். கேமரா வராட்டி நீங்களும் வராதீங்க."

ஆடிக்கு முன் ஒரு புத்திசாலித்தனம்

எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. புது கேமரா அறிவித்த மறுநாள் பழைய கேமராவை எவனும் சீந்த மாட்டான். ஆகவே, அறிவிப்பதற்கு முன்னாலேயே தள்ளிவிட வேண்டும். ஆடியில் கல்யாணம் கிடையாது. கேமரா இருந்தாலும் அது பீரோவில் தூங்கும். ஆனிக் கடைசியில் விற்றுவிட்டு, ஆடியில் வரும் ராஜாவை ஆவணியில் மாட்டிக்கொள்ளலாம். இதைவிட அறிவான யோசனை காவிரிக் கரையில் யாருக்கும் உதித்திருக்காது என்று நினைத்தேன்.

தஞ்சாவூர் கீழவாசலில் பழைய கேமரா வாங்கி விற்கிற ஒருவர் கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றேன், யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று. எனக்கு முன்னால், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, கருவாட்டுக்கூடையை அணைத்த மாதிரி பையை அணைத்தபடி ஒரு ஆள். துண்டை விலக்கினால் குஞ்சிதபாதம். "சும்மா லென்ஸ் துடைக்கக் குடுக்கலாம்னு..." என்று இழுத்தார். ஷட்டரைத் தூக்கினால், உள்ளே ஏற்கெனவே சேவியர் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். மூவரும் விற்றோம். கேமரா இல்லாத மூன்று பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது கடைக்காரர் கைகூப்பி விடைகொடுத்தார்: "மூணு கட்சியும் ஒண்ணாச் சேந்து இன்னிக்குத்தாங்க பாக்கறேன். அடுத்து வாடகைக்குக் கேட்டும் ஒண்ணாவே வாங்க."

பதினெட்டாம் பெருக்கு

ஆடிப் பதினெட்டு அன்று மூன்று கம்பெனியும் வாயைத் திறந்தன. என் மனைவி கமலா படித்துறையில் காவிரிக்குக் காதோலை கருகமணி விட்டுக்கொண்டிருந்தாள். நான் படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் கட்சி, தங்கள் கேமரா வெளிநாட்டில் விளையாட்டுப் போட்டி படம் எடுக்கிறவர்களுக்குப் போன பிறகுதான் மற்றவர்களுக்கு என்றது. கறுப்புக் கட்சி புது கேமராவுக்குப் பதில் புது வார் ஒன்றை வெளியிட்டது. அதுவும் கறுப்புதான்.

எங்கள் சிவப்போ, 'தயாரித்துக்கொண்டிருக்கிறோம்' என்று ஒரு நிழல் படத்தைப் போட்டது. கல்யாணப் பத்திரிகை அச்சடித்து, அதில் 'பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்று போட்ட மாதிரி. நான் எலுமிச்சஞ் சாதத்தை வாயில் வைத்தபடி அந்த நிழலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கமலா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மேட்டூர்ல தொறந்த தண்ணி கடைமடைக்கே போய்ச் சேந்துடுச்சு. உங்க கேமரா இன்னும் மதகையே தாண்டலையா?"

கறுப்பு டேப்

கடைக்காரர் வாக்குப்படி மூவரும் ஒன்றாகவே கீழவாசலுக்குப் போனோம். சிவப்பும் கறுப்பும் சென்னைக்குப் போய்விட்டன. குஞ்சிதபாதத்தின் மஞ்சள் மட்டும் மிச்சம். அதை வாடகைக்கு எடுத்தோம். ஆவணி முதல் முகூர்த்தத்தில் எங்கள் மூவருக்கும் ஒரே தெருவில் மூன்று மண்டபம். நல்ல வேளையாக முகூர்த்த நேரம் வேறு வேறு: குஞ்சிதபாதத்துக்கு ஆறரை, எனக்கு எட்டு, சேவியருக்கு ஒன்பதரை. ஒரே கேமரா மண்டபம் மாறி மண்டபம் போக வேண்டும். கட்சிக்காரர்கள் கண்ணில் படாமலிருக்கத் தாம்பூலப் பையில் போட்டு அனுப்புவது என்று முடிவு.

எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு சிக்கல்: ஹெட்மாஸ்டர். அதற்கு நாற்பது வருஷ மூளை வேலை செய்தது. வெளிவராத கேமராவைக் கம்பெனிக்காரர்கள் வெளியே எடுத்துப்போய்ச் சோதிக்கும்போது, பேர் தெரியாமலிருக்கக் கறுப்பு டேப் ஒட்டித்தான் அனுப்புவார்கள். அப்படியானால் கறுப்பு டேப் ஒட்டிய கேமரா எல்லாமே வெளிவராத கேமராதானே? எலக்ட்ரீஷியன் கடையில் ஒரு சுருள் வாங்கி, பேர், நம்பர், மூக்கு, முழி எல்லாவற்றையும் மூடி ஒட்டினேன். தன் செல்லக் கேமரா அடையாளம் இல்லாமல் போவதைப் பார்த்துக் குஞ்சிதபாதம் சுருளைப் பிடித்து இழுத்தார்: "அண்ணே, வித்தவன் நான்தான், ஒத்துக்கறேன். அதுக்காக அதுக்கு முக்காடு போட்டு உக்கார வைக்கணுமா?"

தேங்காய்

முகூர்த்தத்தன்று மணி ஏழே முக்கால். மேடையில் பெண் வந்து உட்கார்ந்துவிட்டாள். ஹெட்மாஸ்டர் என் பக்கத்தில் வந்து, "அண்ணே, எங்க அது?" என்றார். "கடைசி நிமிஷம் வரைக்கும் வெளிச்சம் படக் கூடாது சார், கம்பெனி உத்தரவு" என்றேன். அந்த நேரம் பார்த்து சமையல்கட்டு வழியாகக் குஞ்சிதபாதம் ஓடி வந்து தாம்பூலப் பையைக் கையில் திணித்தார். திறந்தேன். ஒரு தேங்காய், இரண்டு வெற்றிலை, பாக்கு, மஞ்சள்.

அவசரத்தில் பை மாறிவிட்டது. நானும் அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் மண்டபத்துக்கு ஓடினோம். நாங்கள் ஓடிய வேகத்தில் வாழை மரம் இரண்டும் எங்கள் பக்கமாகச் சாய்ந்தன என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஒன்று மட்டும் சாய்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு பெரியம்மா ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டிருந்தார். பைக்கு வெளியே மஞ்சள் வார் தொங்கியது. தேங்காயைக் கொடுத்துக் கேமராவை வாங்கிக்கொண்டபோது அவருக்கு முகமே சரியில்லை: "நல்லாக் கனமா இருந்துச்சு. இந்த வீட்டுக்காரங்களாவது பெரிய காயாப் போட்டாங்களேன்னு வாயார வாழ்த்திட்டு வந்தேனே!"

தொட்டுக் கும்பிட்டவர்

மூச்சிரைக்க மேடை ஏறும்போது மணி எட்டாக ஒரு நிமிஷம். டேப் சுற்றிய கேமராவைப் பார்த்ததும் ஹெட்மாஸ்டர் புரிந்துகொண்டுவிட்டார். "வெளியில வராதது! பேரே போடல பாருங்க!" என்று சம்பந்தி காதில் கிசுகிசுத்தார். அந்தக் கிசுகிசுப்பு பந்தியில் கடைசி இலை வரைக்கும் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் கூட்டி வந்திருந்த ட்ரோன்காரர், தன் இயந்திரத்தை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்து, இரண்டு விரலால் டேப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்: "அளவு, வாட்டம், எல்லாம் மஞ்சள் கட்சியோட பழைய மாடல் மாதிரியே செஞ்சிருக்காங்க சார். யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு எவ்ளோ மூளை பாருங்க!"

ஆல்பம்

கெட்டிமேளம் கொட்டியதும் விரலை எடுக்காமல் அழுத்தினேன். நாற்பது படம். பெண் ஒன்றில்கூடக் கண்ணை மூடவில்லை. மாப்பிள்ளையும் மூடவில்லை. பத்து நாள் கழித்து ஹெட்மாஸ்டரும் விசாலம் அம்மாவும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். படங்களைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டேன். பெண்ணுக்குப் பின்னால் அட்சதையோடு நின்ற ஹெட்மாஸ்டர், முதல் படத்தில் கண்ணை மூட ஆரம்பித்து, நாற்பதாவதில்தான் திறக்க ஆரம்பித்திருந்தார்.

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "பொண்ணு தப்பிச்சா, அது போதும். ஆனா வராத கேமராவாலயே என் கண்ணைத் திறந்து பிடிக்க முடியலன்னா, கோளாறு எங்கிட்டத்தான் அண்ணே. இனிமே எந்தக் கேமரா வந்து என்ன?" என்றார். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு நிஜம் பேச வேண்டியதாயிற்று. டேப், வாடகை, தேங்காய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, 'நீங்களும் வராதீங்க' என்றவர் இப்போது என்ன சொல்லப்போகிறாரோ என்று தலையைக் குனிந்துகொண்டேன். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. எழுந்து போகிறார் என்று நினைத்தேன். மனிதர் என் தோளைப் பிடித்து உலுக்குகிறார்: "பழைய கேமராவா! அதானே பாத்தேன்! என் கண்ணு மேல ஒரு தப்பும் இல்ல!"

கையோடு அடுத்த ஆர்டரும் கொடுத்தார். தையில் அவருக்கு அறுபது முடிகிறது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். மறுபடியும் தாலி கட்டப்போகிறார். "அதுக்கு நிஜமாவே வரப்போற கேமரா, டேப் இல்லாம" என்றார். "கப்பல்..." என்று ஆரம்பித்த நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். விசாலம் அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்: "கண்ணை மூடிக்கிட்டு என்னைக் கட்டினார், கண்ணை மூடிக்கிட்டுப் பொண்ணையும் குடுத்தார். கேமரா வருதோ இல்லையோ, திருக்கடையூர்ல இவரு மூடட்டும். அதைப் பாக்க நான் முழிச்சுக்கிட்டு இருப்பேன்."

இந்தத் தொழிலில் நான் கண்ட உண்மை ஒன்றே ஒன்று: வராத கேமராவில் எடுத்த படத்தில் மட்டும்தான் இதுவரை யாரும் கண்ணை மூடியதில்லை.