கயித்தானின் மதியத் தூக்கமும் மூன்று மீட்டர் கிணறும்

எங்கள் கடற்கரை ஹோட்டலில் தண்ணீர் என்றால் கயித்தான்தான். மோட்டார் போடுவான், குழாய் திருகுவான், நீச்சல்குளத்துக்கு மருந்து கொட்டுவான். ஆள் நூற்றுப்பத்து கிலோ. முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட மதியத் தூக்கத்தைத் தவறவிட்டதில்லை. நான் அதே ஹோட்டலில் துணி துவைக்கும் பிரிவு, பெயர் பியேதாத். சின்ன வயதில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. அதனால் எங்களுக்குள் மரியாதை, மண்ணாங்கட்டி எதுவும் கிடையாது.

ஹோட்டல் நிற்கும் இடம் கயித்தானின் அப்பாவுடையது. விற்கும்போது மனுஷர் ஒன்றே ஒன்று கேட்டு வைத்தார். சான் ஜாவ் திருநாளன்று தன் குடும்பம் அந்த இடத்துப் பழைய கிணற்றில் குதிக்கும், யாரும் தடுக்கக்கூடாது. ஜூன் இருபத்துநாலு, தலையில் பூக்கிரீடம், வயிற்றில் கொஞ்சம் ஃபெனிச் சாராயம். புது மாப்பிள்ளை மாமியார் வீட்டுக் கிணற்றில் குதித்தால்தான் எங்கள் ஊரில் அவன் மாப்பிள்ளை. இந்த வருஷம் கயித்தானின் மகள் லூர்தினுக்குத் தலை சான் ஜாவ். மாப்பிள்ளை ரோய்ஸ்டனுக்குக் கப்பலில் வேலை. இருபத்தாறாம் தேதி ஏறினால் அடுத்த ஜூனில் எந்தக் கடலில் இருப்பானோ!

இந்த நேரம் பார்த்துத்தான் புனேயிலிருந்து புது மேனேஜர் சரயு மேடம் வந்தார். கிணற்றுக்குள் சென்சார், குழாய்களில் மீட்டர், எல்லாம் அவர் கைப்பேசியில் தெரியும். கிணற்றின் மேல் இரும்புக் கம்பி வலை, அதற்கு ஒரு பூட்டு.

"மூணு மீட்டர் தண்ணி இருந்தா திறக்கிறேன் கயித்தான். ஒரு சென்டிமீட்டர் குறைஞ்சாலும் மாட்டேன். குதிச்சவன் கால் ஒடிஞ்சா யார் பதில் சொல்றது?"

மழை இன்னும் வரவில்லை. கிணற்றில் இருந்தது இரண்டு மீட்டர் நாற்பது.

அதோடு போயிற்றா? கிணற்றிலிருந்து ஏறும் தண்ணீருக்கும் நாங்கள் செலவழிக்கும் தண்ணீருக்கும் தினம் அறுநூறு லிட்டர் இடிக்கிறது என்றது கைப்பேசி. அதுவும் மதியம் இரண்டிலிருந்து நாலுக்குள். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு உச்சி முதல் பாதம் வரை பற்றிக்கொண்டு வந்தது. "மேடம், அந்த நேரத்துல என் மெஷினும் தூங்கும், நானும் தூங்குவேன். ஊரே தூங்கும்!" என்றேன்.

"அப்போ திருட்டுதான்," என்றான் கயித்தான். "நான் பிடிக்கிறேன். நம்ம மாப்பிள்ளை தண்ணி அது!"

மறுநாள் மதியம் கண்ணில் வெங்காயம் தேய்த்துக்கொண்டு விழித்திருந்தான். திருட்டு நடக்கவில்லை. அதற்கடுத்த நாள் களைப்பில் தூங்கிவிட்டான், அறுநூறு லிட்டர் போயிற்று. மூன்றாம் நாள் மறுபடி விழித்தான், ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை.

"பார்த்தியா? என்னைக் கண்டா பயப்படுறான்," என்று மீசையைத் தடவினான்.

"உன்னைக் கண்டா மீன்குழம்புதான் பயப்படும்," என்றேன்.

நாலாம் நாள் தலையணை உறை விஷயமாகச் சண்டை போட மோட்டார் அறைக்குப் போனேன். உள்ளே அவன் குறட்டை. தகரக் கூரைமேல் சடசடவென்று சத்தம். மழையோ என்று அண்ணாந்தால் வானம் வெள்ளை வெளேரென்று காய்கிறது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பிக் கொட்டிக்கொண்டிருந்தது!

"கயித்தான்! தண்ணி வழியுதுடா!"

அவன் நிதானமாகச் சோம்பல் முறித்தான். "தெரியும். மோட்டாரைப் போட்டுட்டுப் படுப்பேன். தகரத்துல சத்தம் கேட்டா எழுந்து நிறுத்துவேன். முப்பது வருஷமா அதுதானே என் அலாரம்."

சொல்லி முடித்ததும் அவன் முகம் மாறியது. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். "திருடன் அகப்பட்டுட்டானா?"

"மாத்தில்கிட்ட மட்டும் சொல்லிடாதே," என்றான். மாத்தில் அவன் மனைவி. சாயங்காலத்துக்குள் சொல்லிவிட்டேன், வேறென்ன செய்வது?

ஆனால் மேடத்திடம் அவனே போய் ஒப்புக்கொண்டான். அதை நான் மதிக்கிறேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தொட்டி நிரம்பினால் அவன் கைப்பேசி கூவும்படி செய்துகொடுத்தார். திருநாளுக்கு ஒரு வாரம் இருந்தது. கிணறு தினம் நாலு விரல்கடை, ஐந்து விரல்கடை என்று ஏறியது. கயித்தான் குளிப்பதைக்கூடக் கடலுக்கு மாற்றிக்கொண்டான்.

இருபத்துநாலு காலை. வாசலில் மேளம், லூர்தின் பட்டுச்சேலையில், ரோய்ஸ்டன் தலையில் பூக்கிரீடம், மாத்தில் கையில் பழக்கூடை. மேடம் கைப்பேசியை நீட்டினார். இரண்டு மீட்டர் தொண்ணூற்றொன்பது.

மேளம் நின்றது. லூர்தின் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எனக்கு அந்தக் கைப்பேசியைப் பிடுங்கி வீசலாம்போல் இருந்தது.

கயித்தான் தலையைச் சொறிந்தான். "மேடம், மோட்டார் குழாய் அடியில பாசி அடைச்சிருக்கு. இறங்கிப் பார்க்கணும். அது என் வேலைதானே?"

வேலைக்காக என்று மேடம் வலையின் ஓரக் கதவை மட்டும் திறந்தார். கயித்தான் சட்டையைக் கழற்றிவிட்டு இரும்புப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினான். இடுப்பு நனைந்தது, தொந்தி நனைந்தது, கழுத்துவரை போனான்.

"மேடம்! இப்போ ஃபோனைப் பாருங்க!"

மூன்று மீட்டர். சரியாக மூன்று.

மேடம் கைப்பேசியைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார். "நீங்க வெளியே வந்தா குறைஞ்சிடுமே?"

"வந்தாத்தானே?"

மேடம் வாய்விட்டுச் சிரித்தார், பூட்டைத் திறந்தார். "விவா சான் ஜாவ்!" என்று கத்திக்கொண்டு ரோய்ஸ்டன் குதித்தான். கயித்தான் படியைப் பிடித்தபடி மறுகையால் மருமகனின் ஈரத்தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏன் மறைக்க வேண்டும்?

பிறகு மச்சான்கள், பங்காளிகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று வரிசை நீண்டது. விரல்கள் ஊறிச் சுருங்கிய பிறகும் கயித்தான் ஏறவில்லை. சாப்பாடு ஆறுகிறது என்று மாத்தில் மேலிருந்து சத்தம் போட்டாள்.

"எல்லாரும் குதிச்சு முடிக்கட்டும்," என்றான் கயித்தான். "நான் ஏறினா ஒரு சென்டிமீட்டர் குறைஞ்சிடும்."