உமாவுக்கென்று நாங்கள் வைத்திருந்த மொழி

காலையில் ஸ்டவ்வைப் பற்றவைத்துவிட்டு என் கணவரிடம், "காப்பி ஆறிப்போவுது, எந்திரிங்க" என்பேன். அதே மூச்சில் மகள் பக்கம் திரும்பி இந்தியில், "உட்டோ, ஜல்தி" என்பேன். கரோல்பாகில் மூன்று மாடி வீடு ஒன்றின் உச்சியில், ஓர் அறையும் திறந்த மாடியுமாக இருக்கும் எங்கள் குடித்தனத்தில் உமா பிறந்ததிலிருந்து இப்படித்தான் பொழுது விடிந்தது. அவரிடம் பேசும்போது நான் நானாக இருந்தேன். அவளிடம் பேசும்போது பஸ் கண்டக்டரைப் போல இருந்தேன். இது விநோதம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கல்யாணமாகி வெகு காலம் கழித்து, இனி இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்ட வயதில் வந்தவள் உமா. அவர் வேலை செய்யும் கிடங்கில் எங்கள் பக்கத்து நாங்குநேரிக்காரர் ஒருவர் உண்டு. தொட்டிலைப் பார்க்க வந்தவர் நாற்காலியில் உட்காரும் முன்பே சொன்னார்: "அண்ணாச்சி, வீட்ல தமிழ் பேசித்தான் என் மவன் ஸ்கூல்ல வாயத் தொறக்க மாட்டாம முழிக்கான். மதராஸி மதராஸின்னு ஓட்டுதானுவ. ஒங்க பிள்ளை காதுல தமிழே விழப்படாது, ஆமா." நாங்கள் பயந்துபோனோம். வாங்குகிற சம்பளத்தில் பிள்ளைக்கென்று பொம்மையோ படப்புத்தகமோ வாங்க முடியாது. பாஷையையாவது கொடுத்துவிடலாம் என்று நினைத்தோம்.

ஆனால் எங்களிடம் இருந்த இந்தி காய்கறி வண்டியிலும் ரேஷன் கடை வரிசையிலும் பொறுக்கியது. வா, போ, சாப்பிடு, தொடாதே, சீக்கிரம், போதும். அதைத்தான் அவளுக்குக் கொடுத்தோம். சாயங்காலம் மாடியில் புழுதி பொன்னிறமாக மிதக்கும். அதனூடே கிளிகள் கூட்டமாகப் போகும். இது என்ன என்று, "யே க்யா?" என்பாள். "சிடியா" என்பேன். பறவை என்றால் எல்லாமே சிடியாதான்: காகமும் சிடியா, புறாவும் சிடியா. அவை எங்கே போகின்றன, ஏன் சேர்ந்தே போகின்றன என்று சொல்ல எனக்குள் ஓர் ஊரே திறந்து கிடக்கும். வாய் மட்டும் மூடியிருக்கும். கொஞ்ச நாளில் அவள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். சமர்த்துப் பிள்ளை என்று சந்தோஷப்பட்டேன்.

போன மாதம் பக்கத்துத் தெருப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனோம். டீச்சர் நல்ல மாதிரி. மேஜைமேல் ஒரு படத்தை வைத்தார். ஓர் அம்மா கிளாஸில் பால் ஊற்றுகிறாள், பக்கத்தில் பூனை. "போலோ பேட்டா, க்யா ஹோ ரஹா ஹை?" என்று, படத்தில் என்ன நடக்கிறதென்று சொல்லச் சொன்னார். உமா படத்தை வெகுநேரம் பார்த்தாள். பாலைத் தொட்டு, "பீ லோ" என்றாள். பூனையிடம், "பாகோ." பிறகு, "ஜல்தி. பஸ்." அவ்வளவுதான். குடி, ஓடு, சீக்கிரம், போதும். என் குரலை அந்த அறையில் வேறு யாரோ பேசியதுபோல் இருந்தது.

வீட்டில் என்ன பாஷை பேசுவீர்கள் என்று டீச்சர் கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஹிந்தி மேடம். ஸிர்ஃப் ஹிந்தி" என்றேன், இந்தி மட்டும்தான் என்று. எனக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்து, இங்கிலீஷில் மெதுவாக மறுபடி கேட்டார். அவருக்குத்தான் காது மந்தமோ என்று நானும் உரக்கச் சொன்னேன், "ஹிந்தி!" டீச்சர் உமாவின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். "அகலே சால் லானா. பச்சி தோடி ஸ்லோ ஹை." அடுத்த வருஷம் கூட்டிவரச் சொன்னது பிறகுதான் உறைத்தது. 'ஸ்லோ' என்பது உடனே உறைத்தது.

திரும்பி நடந்தது கனவில் நடந்ததுபோல் இருக்கிறது. வேப்பம்பூ உதிர்ந்து கிடந்த தெரு, சத்தமில்லாமல் போகும் சைக்கிள்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "பிள்ளைக்கு என்னளா குறை?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் கீழே குழாயடிக்கு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் உமாவுக்குச் சோறு பிசைந்தேன். இத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது அப்போது தானாக வந்தது. "என் கண்ணு, அந்தப் படத்துல இருந்த பூனைக்கும் பசிச்சிருக்கும் இல்லியா? அதான் அந்த அம்மா முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு…" உமா மெல்லுவதை நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை. திரும்பி, வாசலைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு, அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதுபோல மிக மெதுவாகச் சொன்னாள்: "மம்மி, அப்பா நீச்சே ஹை."

அப்பா கீழே இருக்கிறார். தமிழ் அவரிடம் பேசுவதற்கானது. அங்கே இல்லாத ஆளிடம் நான் பேசுகிறேன் என்று என் மகள் எனக்கு எடுத்துச் சொல்கிறாள். இந்தப் பிள்ளையா மந்தம்? "இல்லடா, ஒன்கிட்டத்தான் பேசுதேன்" என்றேன். நம்ப அவளுக்குச் சில நாள் பிடித்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். இங்கே என்னைப்போல் மாடி அறைகளில் பிள்ளை வளர்ப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள். சோறும் துணியும் குறைவு என்று நமக்குத் தெரியும். பேச்சும் குறைந்துபோகலாம் என்று யாருக்குத் தோன்றும்? இப்போது வாய் ஓயாமல் பேசுகிறேன். கீழ்வீட்டு அம்மாளையும் மாடிக்கு அழைத்து, உமாவுக்கு இந்தியில் கதை சொல்ல விடுகிறேன். ஆனாலும் அந்த வருடங்கள் அவளுக்குள் காலியாகவே இருக்குமோ என்ற பயம் போகவில்லை. அடுத்த வருஷம் அதே மேஜை முன் போய் நிற்க வேண்டும்.

நேற்று, இருட்டத் தொடங்கும் நேரம், மாடியில் கயிற்றுக்கட்டிலில் எங்கள் இருவருக்கும் நடுவே படுத்திருந்தாள். "அம்மா, அந்த நிலா…" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். மீதி எந்தப் பாஷையிலிருந்து வரும் என்று, அவளுக்கு இருபுறமும், நாங்கள் மூச்சுவிடாமல் காத்திருந்தோம்.