கூரை பிரித்த வாரத்தில் பறந்த விமானம்

எங்கள் கம்பெனியிடம் ஒரே ஒரு விமானம் இருந்தது. யுத்தத்துக்கும் முந்தையது. மேலே ஒன்று கீழே ஒன்றாகத் துணி போர்த்திய இறக்கைகள். தரைப்பலகையில் ஓட்டை போட்டுக் காமிராவைப் பொருத்தியிருந்தார்கள். மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பி, கரையோரமாக எண்ணூர் வரை படமெடுத்துத் திரும்பும். ராயபுரம் ஆபீசில் அந்தப் படங்களை ஓரம் வெட்டி, பலகையில் பசையால் ஒட்டி, ஒரே படமாக்குவது என் வேலை.

சுதந்திரம் வந்து சில வருஷங்களுக்குப் பின், திருவொற்றியூருக்கு வடக்கே தொழிற்சாலைக்கு இடம் பார்க்க அது பறந்தது. வானம் தெளிந்திருக்க வேண்டுமென்று பங்குனியைத் தேர்ந்தெடுத்தார்கள். என் அக்காவைக் கட்டிக்கொடுத்த குப்பம் அந்த எல்லைக்குள் இருந்தது. அங்கே கூரை மாற்றுவதும் பங்குனியில்தான். ஒரு வீடு மட்டும் மாற்றும் வழக்கமில்லை. தெரு முழுவதும் ஒன்றாகப் பழைய கீற்றைப் பிரித்துவிட்டு, புதுக் கீற்று வந்துசேரும் வரை பாய்த்துணி கட்டி அதன் நிழலில் சமைப்பார்கள்.

படத்தை ஒட்டும்போது பார்த்தேன். அக்கா தெரு இருந்த இடத்தில் வெறும் மண்சுவர்க் கட்டங்கள். அதைப் பார்த்து வரையும் வரைபடக்காரர் அங்கே ‘பாழிடம்’ என்று எழுதப் போனார்.

“அங்க ஜனங்க இருக்காங்க சார். இது கூரை மாத்துற சமயம்.”

“படத்துல கூரை இல்லையேப்பா. குட்டிச்சுவத்தை வீடுன்னு வரைஞ்சா என் வேலை போயிடும்.”

மானேஜரிடம் போனேன். வேறு படம் இருந்தால் திருத்தலாம் என்றார். அடுத்த முறை விமானம் அந்தப் பக்கம் போகும்போது மறுபடி எடுக்கச் சொல்வதாகவும் ஒப்புக்கொண்டார். அன்று மாலையே குப்பத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

“இன்னா மச்சான், உன் ஏரோப்ளானுக்குக் கண்ணு அவிஞ்சிபோச்சா?” என்று மாமா சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. “மேலேர்ந்து பாத்தாத்தான் நாங்க கீறோம்னு தெரியுமா நைனா? நீ எத்தினி வாட்டி இங்க துன்னுட்டுப் போயிருக்கே?”

அவசர அவசரமாக வேய்ந்து முடித்தார்கள். விமானத்தின் கண்ணில் படட்டும் என்று கூரைமேல் வேட்டிகளை விரித்துக் கல் வைத்தார்கள். காலையில் வேலைக்குப் போகாமல் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார்கள்.

விமானம் வரவில்லை. இறக்கைத் துணியைப் பிரித்துப் பார்த்ததில் உள்ளே மரம் உளுத்திருந்ததாம். இனி அது பறக்காது என்றார்கள். வேறு விமானம் வாங்கும் யோசனை கம்பெனிக்கு இல்லை. வரைபடம் முதல் படத்தின்படியே போனது.

இடத்தை வாங்கியவர்களின் ஆட்கள் மழைக்கு முன் வந்தார்கள். வரைபடத்தில் பாழிடம், எதிரே புத்தம்புதுக் கூரைகள். காலி நிலமென்று தெரிந்து நேற்று வந்து குடிசை போட்டவர்கள் என்று முடிவுகட்டினார்கள். எடுத்துக் காட்டலாமென்றால், பழைய கீற்றை அடுப்பில் எரித்தாகிவிட்டது. இல்லை என்று சொல்ல என்னிடம் இருந்த சாட்சி, நான் ஒட்டிய அந்தப் படம்தான். அது அவர்கள் பக்கம் பேசியது.

அந்த வருஷம் இரண்டாம் முறையாக அக்கா தெருவில் கூரை பிரித்தார்கள். நானும் கூட நின்று கீற்றுகளை இறக்கினேன். ஒன்றுகூட நைந்திருக்கவில்லை.